சேலத்தில் தறித் தொழிலாளர்களுக்கான அடுக்குமாடி: மேல்தளம் வேகாமல் இருக்க என்ன செய்வது?

சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் தறித் தொழிலாளர்களுக்கு 400 சதுர அடி வீடுகள் கட்டுகிறீர்கள், ஏசி கிடையாது, செலவும் குறைவாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் முதலில் மொட்டைமாடியைப் பாருங்கள். பகலெல்லாம் வாங்கிய சூட்டைக் கான்கிரீட் ராத்திரிதான் வீட்டுக்குள் விடும். ஃபேன் அதையே கீழே தள்ளும்.

தளத்தின் மேல் 75 மி.மீ. கனத்துக்குச் சுண்ணாம்பு கலந்த செங்கல் ஜல்லி, அதன்மேல் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளை கூல் டைல்ஸ். வாட்டம் (தண்ணீர் வடியும் சரிவு) 60 அடிக்கு 1 அடி. குறைந்தால் தண்ணீர் தேங்கி ஒழுகும். டைல்ஸுக்குக் காசில்லையென்றால் சுண்ணாம்பை ஊறவைத்து (கொதிக்கும், பிளாஸ்டிக் வாளி வேண்டாம்) வடிகட்டி, பசை கலந்து, வெயில் தாழ்ந்தபின் 2 கோட் அடியுங்கள். பசை சேர்க்காவிட்டால் முதல் மழையோடு போய்விடும். உச்சி வெயிலில் அடித்தால் பொடியாக உதிரும். வருடாவருடம் மாசியில் திரும்ப அடிக்க வேண்டும்.

மேற்கு வெயில் அறைகளில் படாமலிருக்க, படிக்கட்டு, கழிவறை மேற்கே போகட்டும். ஒன்றரை அடி சன்ஷேடு சாய்ந்த மேற்கு வெயிலைத் தடுக்காது, அங்கே ஜாலிதான் (துளைகள் விட்ட தடுப்புச் சுவர்) சரி. பலரும் கோட்டைவிடுவது வடக்கு ஜன்னல்: ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம்வரை சேலத்தில் உச்சிச் சூரியன் வடக்கே நிற்கும், சன்ஷேடு அங்கேயும் வேண்டும்.

ஒரே சுவரில் இரண்டு ஜன்னல் வைத்தால் காற்று ஓடாது. எதிரெதிராக வையுங்கள்.