பினாங்கில் கொக்கு, பஞ்சுருட்டான், தும்பியைப் பறக்கும்போது எடுத்தால் படம் மங்கலாகவே வருகிறது. என்ன செட்டிங் வைக்கலாம்?

முதலில் எந்த மங்கல் என்று பாருங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பறவையின் கண்ணைத் தேடுங்கள். கண் கூர்மையாக இருந்து இறக்கை நுனி மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. கண்ணும் மங்கி, பின்னால் உள்ள புல் பளிச்சென்று இருந்தால் ஃபோகஸ் தப்பிவிட்டது. பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது. ஷட்டரை எவ்வளவு ஏற்றினாலும் அது தீராது.

ஷட்டர் வேகம் கொக்கு, செம்பருந்துக்கு 1/1600 நொடி போதும், பஞ்சுருட்டானுக்கு 1/3200. மேனுவல் மோட், லென்ஸ் திறப்பு எஃப் 6.3, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) ஆட்டோவில் 6400 வரை, நகரும் பறவையை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸ். வெளுத்த வானத்தில் பறவை கரிக்கட்டையாகிவிடும். எக்ஸ்போஷரை +1 ஏற்றுங்கள். இருண்ட கண்டல் மரங்களுக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு என்றால் −1 வரை இறக்கினால்தான் இறகு தெரியும்.

ஃபோகஸுக்கு ஒரே வழி, துரத்தாமல் காத்திருப்பது. பாலிக் புலாவ், சுங்கை பூரோங் வயல் பக்கம் காய்ந்த குச்சிகளைக் கவனியுங்கள். நீலவால் பஞ்சுருட்டான் குச்சியிலிருந்து பாய்ந்து தேனீயைப் பிடித்து, பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பும். கொடுக்கு போகும்வரை தேனீயைக் குச்சியில் அடித்துத் தேய்த்த பிறகே விழுங்கும். அது பாய்ந்து போனதுமே குச்சியில் ஃபோகஸை வைத்துவிடுங்கள். திரும்பி வரும்போது படமெடுக்கலாம். பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், இறங்கும். காற்றும் வெயிலும் உங்கள் முதுகில் படும்படி நின்றால் முகம் உங்களைப் பார்த்து வரும். பருந்து முன்னால் சாய்ந்து எச்சமிட்டால் ஷட்டரை அழுத்திவிடுங்கள், அநேகமாக அடுத்த நொடி கிளம்பிவிடும். மணல்மேட்டில் பஞ்சுருட்டான் வளை தென்பட்டால் தயவுசெய்து விலகிப் போங்கள். நீங்கள் நிற்கும்வரை குஞ்சுக்கு இரை போகாது.

10 மணிக்கு மேல் வயலில் கானல் அலையும். தூரத்துப் பறவை எந்த லென்ஸிலும் நெளிந்துதான் வரும். அப்போது குளத்தோரத் தும்பிக்கு மாறிவிடுவது நல்லது, இரண்டு மீட்டரில் கானல் தொல்லை இல்லை. ஆண் தும்பி தன் எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்து, இடையிடையே ஓரிரு நொடி அந்தரத்தில் நிற்கும். ஆட்டோ ஃபோகஸ் பின்னால் உள்ள கோரையைப் பிடித்துக்கொள்ளும். அதனால் 300 மிமீ லென்ஸில், அது நிற்கும் தூரத்துக்குக் கையால் ஃபோகஸ் வைத்து, உடம்பை லேசாக முன்னும் பின்னும் அசைத்தபடி தொடர்ச்சியாகப் படமெடுங்கள். இறக்கை உறைய 1/4000 வேண்டும். 1/1000-இல் உடல் கூர்மையாகவும் இறக்கை புகைபோலவும் வரும். அதுவே உயிரோட்டமாக இருக்கும். எலக்ட்ரானிக் ஷட்டர் வேண்டாம். பல கேமராக்களில் சென்சார் வரிவரியாகப் படிப்பதால் இறக்கை வளைந்து பதியும்.

நிழலில் பூவுக்கு வரும் தேனீ, கருவண்டுக்கு ஃபிளாஷை மேனுவலில் 1/16 சக்திக்கு இறக்குங்கள். அதன் வெளிச்சம் ஏறக்குறைய 1/10000 நொடிதான் நீடிக்கும், இறக்கையை அதுவே உறைய வைக்கும். ஷட்டர் 1/200 போதும். வேகமான ஷட்டரோடு ஃபிளாஷ் அடிக்க உதவும் ஹைஸ்பீட் சிங்க்கைப் போட்டால் வெளிச்சம் துண்டுதுண்டாக நீண்டு, இந்தப் பலன் போய்விடும்.

ஏர்கான் காரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள், லென்ஸ் பனித்துவிடும். துடைத்தாலும் மறுபடி பனிக்கும். அரை மணி நேரம் பையை மூடியபடியே வெளியில் வைத்திருங்கள்.