பானையைக் கவிழ்த்துப் பாருங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பிக்காசோ மண்பாண்டம் செய்த 'மதூரா' பட்டறையின் சுசான் ரமியே யார்? வெறும் பட்டறை முதலாளியா?

பதில்: முதலில் பெயர். நம் மதுரைக்கும் வடக்கே உள்ள மதுராவுக்கும் இதில் பங்கில்லை. பிரெஞ்சில் வீட்டுக்கு 'மேசோன்' என்று பெயர். சுசானின் பிறந்தகப் பெயர் தூலி, புகுந்தகப் பெயர் ரமியே. பிரெஞ்சு எழுத்தில் மூன்றின் தலையையும் கிள்ளி ஒட்டியதுதான் மதூரா.

1905-ல் லியோனில் பிறந்து அங்கேயே நுண்கலை படித்தவர். 1938-ல் கணவர் ஜார்ஜுடன் சேர்ந்து தென் பிரான்சின் வலோரிஸில் பட்டறை போட்டார். கானுக்கும் ஆந்திபுக்கும் நடுவில் உள்ள அந்த ஊர் பரம்பரையாகச் சமையல் சட்டிகளுக்குப் பேர்போனது. அலுமினியப் பாத்திரம் வந்து அந்தத் தொழில் படுத்துக்கொண்டிருந்த காலம் அது. சுசான் அந்தச் சட்டிகளைத்தான் பாடமாக எடுத்துக்கொண்டார். உள்ளே வெற்றிடமுள்ள குழல் கைப்பிடி, பருத்த வயிறு, காது எல்லாவற்றையும் பெரிதாக்கி, இடம் மாற்றி, ஒரே நிறத்தில் மெருகிட்டு (மெருகு என்பது சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு) பூச்சாடிகள் ஆக்கினார். சித்திரம் எதுவும் இல்லாமல் வடிவத்தை மட்டும் நம்பி நிற்பவை அவை. எங்கள் பார்வையில், பட்டறையின் அசல் கலைஞர் அவர்தான்.

1946 கோடையில் ஊரின் மண்பாண்டக் கண்காட்சிக்கு வந்த பிக்காசோ, பட்டறையில் சில சிறு உருவங்களைப் பிடித்து வைத்துவிட்டுப் போனார். மறு ஆண்டு வந்தபோது அவை சுட்டுத் தயாராக இருந்தன. அதன்பிறகு அவர் அந்தப் பட்டறையை விடவில்லை. அவருக்குச் சக்கரத்தில் வனைந்து கொடுத்தவர் ழூல் அகார். ஈரம் போகாத குப்பியின் கழுத்தைப் பிக்காசோ வளைத்துப் புறாவாக்கினார். அவர் தீட்டிய தட்டுகளிலும் சாடிகளிலும் பல சுசான் வகுத்த வடிவங்கள் என்பதை ஏலப் பட்டியல்கள் சிறிய எழுத்தில்தான் போடுகின்றன. சுசான் 1974-ல் காலமானார்.

கேள்வி: அடியில் 'மதூரா ப்ளேன் ஃபு' என்று முத்திரை இருந்தால் பிக்காசோ செய்தது என்று அர்த்தமா?

பதில்: இல்லை. 'ப்ளேன் ஃபு' என்றால் முழுத் தீ. அது பட்டறையின் முத்திரை, சுசானின் சாடிகளிலும் இருக்கும். பிக்காசோவின் மூலத்திலிருந்து பட்டறை பல பிரதிகளாக வெளியிட்ட பதிப்புகளில் கூடுதலாக இரண்டு சொற்றொடர்களில் ஒன்றைப் பார்க்கலாம். 'எதிசியோன் பிக்காசோ' என்றால், அவர் செய்த மூலத்தின் வடிவத்தையும் ஓவியத்தையும் பட்டறைக் கைவினைஞர்கள் பார்த்து அப்படியே திரும்பச் செய்தது. 'எம்ப்ரான்ட் ஒரிஜினால்' என்றால், அவர் செதுக்கிய மூலத்திலிருந்து எடுத்த பிளாஸ்டர் அச்சில் ஈர மண்ணை அழுத்தி எடுத்தது. 1947 முதல் 1971 வரை இப்படி 633 வகைகள் வந்தன. வகைக்கு 25 முதல் 500 பிரதிகள் வரை போட்டார்கள்.

ஈர மண்ணில் குத்திய முத்திரையின் விளிம்பில் மண் சற்றே பிதுங்கி, மழுங்கி இருக்கும். சுட்ட பிறகு கீறிய போலி முத்திரை விரலுக்குக் கூராகப் படும், உள்ளே வெறும் மண்ணின் நிறம் தெரியும்.

கேள்வி: சுசான் பாணியில் குழல் கைப்பிடி வைத்த சாடி செய்தேன். இரண்டு முறையும் கைப்பிடி ஒட்டிய இடத்தில் வெடித்துவிட்டது. உள்ளே அடைபட்ட காற்றா காரணம்?

பதில்: காற்றின் மேல் பழி போடாதீர்கள். வெடிக்க வைப்பது ஈரம். மண்பாண்ட மண் காயும்போதே நூற்றுக்கு ஐந்தாறு பங்கு சுருங்கும். சாடி தோல்பதத்துக்கு, அதாவது பாதி காய்ந்து தோல்போல் விறைத்த நிலைக்கு, வந்த பிறகு அப்போதுதான் வனைந்த கைப்பிடியை ஒட்டினால், கைப்பிடி பின்னால் சுருங்கி ஒட்டிய இடத்தைப் பிய்த்துக்கொண்டு வரும்.

இரண்டையும் ஒரே நாளில் வனைந்து ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள். நகத்தால் அழுத்தினால் தடம் விழவேண்டும், விரல் புதையக்கூடாது. அதுதான் பதம். ஒட்டும் இரு முகங்களையும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதே மண்ணைக் கரைத்த கெட்டிக் குழம்பைத் தடவி, லேசாக அசைத்து அழுத்துங்கள். குழம்பு சுற்றிலும் பிதுங்கி வந்தால் சரி. ஒட்டுமுன் சாடியின் சுவரில் பென்சில் பருமனுக்கு ஒரு துளை போட்டுவிடுங்கள், குழலுக்குள் உள்ள ஈரம் அந்த வழியே வெளியேறும். மூன்று நாள் மூடிவைத்து, பிறகு ஒரு வாரம் நிழலில் காயவிடுங்கள். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. மெருகு பூசுமுன் சுடும் முதல் சூட்டில் 120 டிகிரி செல்சியஸைத் தாண்டும்வரை அவசரம் கூடாது. 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற படிகக் கனிமம் திடீரென விரியும், அங்கேயும் நிதானம் வேண்டும்.

கேள்வி: வெள்ளை மெருகில் சில மாதம் கழித்து மயிரிழை விரிசல்கள் வந்துவிட்டன. ஏன்?

பதில்: ஆறும்போது மெருகு மண்ணைவிட அதிகம் சுருங்கினால் இப்படி இழுபட்டுக் கீறும். மாதங்கள் கழித்து வந்திருப்பதால் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: போதாத சூட்டில் வெந்த மண் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மெல்ல ஊதும், மெருகு ஊதாது. முதல் சூட்டை 1040 டிகிரி வரை ஏற்றி, மெருகுச் சூட்டை 1000 வாக்கில் வையுங்கள். மெருகில் நூற்றுக்கு 5 பங்கு குவார்ட்ஸ் தூளைக் கூட்டிப் பாருங்கள். வெண்மை தரும் வெள்ளீய (டின்) ஆக்ஸைடு 8 முதல் 10 பங்கு போதும், அது விரிசலுக்குக் காரணமில்லை.

கேள்வி: பழைய வலோரிஸ் சட்டியில் சமைக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தத் தேன்நிற மெருகு ஈயக் கனிமத்தால் ஆனது. புளி, எலுமிச்சை, தயிர் எது பட்டாலும் ஈயம் கரைந்து இறங்கும். அலமாரியில் வையுங்கள். பழைய சாடியில் பூ வைப்பதானாலும் உள்ளே ஒரு கண்ணாடிக் குவளையை இறக்கித் தண்ணீரை அதில் ஊற்றுங்கள். மண் கசிந்து மேசையில் வட்டமாகக் கறை விழும்.