சிறிய விமானம் ஸ்பின்னில் மாட்டினால்: கேள்வி பதில்

கேள்வி: சார், இப்போதுதான் பறக்கக் கற்கிறேன். ஸ்டாலுக்கும் ஸ்பின்னுக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் அளவு மீறினால் தூக்குவிசை சரிந்துவிடும். அது ஸ்டால். அந்த நேரத்தில் மூக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தால், ஒரு இறக்கை மற்றதைவிட ஆழமாக ஸ்டால் ஆகி, விமானம் அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டே இறங்கும். அதுதான் ஸ்பின்.

கேள்வி: மாட்டிக்கொண்டால் முதலில் எதைத் தொட வேண்டும்?

பதில்: உங்கள் விமானத்தின் கையேடு சொல்வதுதான் முதல். அதில் வேறு முறை இல்லையென்றால், த்ராட்டிலை (இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடி) முழுக்கக் குறைத்துவிட்டு ஏய்லரானை (இறக்கைகளில் இருக்கும், விமானத்தைச் சாய்க்கும் மடல்) நடுவில் வையுங்கள். சுற்றும் திசைக்கு எதிர்ப்பக்க ரட்டரை (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பலகை, கால் மிதியால் இயங்கும்) கடைசிவரை மிதியுங்கள். அப்புறம் எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) இயக்கும் கைப்பிடியைத் தயங்காமல் முன்னால் தள்ளுங்கள். கண்ணாடி முழுக்கத் தரை தெரியும்போது கை பின்னால் இழுக்கத்தான் துடிக்கும். இழுத்தால் ஸ்டால் விடாது. சுற்று நின்றதும் ரட்டரை நடுவுக்குக் கொண்டுவந்து, பதமாக மூக்கை உயர்த்துங்கள். வெடுக்கென்று தூக்கினால் இன்னொரு ஸ்டால் வரும்.

கேள்வி: சாய்ந்த இறக்கையை ஏய்லரானால் நிமிர்த்தக் கூடாதா?

பதில்: கூடாது. நிமிர்த்தப் பார்த்தால் தாழ்ந்த இறக்கையின் ஏய்லரான் கீழே இறங்கும். ஏற்கெனவே ஆழமாக ஸ்டால் ஆன அந்த இறக்கையில் கோணமும் இழுவையும் இன்னும் கூடும். சில விமானங்களில் சுற்று தட்டையாகி, மீள்வதே கடினமாகிவிடும்.

கேள்வி: தலை சுற்றும்போது திசை எப்படித் தெரியும்?

பதில்: டர்ன் கோஆர்டினேட்டரில் (விமானம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காட்டும் கருவி) உள்ள குட்டி விமானம் சாயும் பக்கம்தான் சுற்று. அதன் கீழே, பக்கவாட்டுச் சறுக்கலைக் காட்டும் பந்தை நம்பாதீர்கள். வேகமானியையும் பாருங்கள்: வேகம் குறைவாகவே நின்றால் ஸ்பின், ஏறிக்கொண்டே போனால் அது ஸ்பைரல் டைவ் (ஸ்டால் ஆகாமலே சுழன்று பாயும் இறக்கம்), அதற்கு வைத்தியம் வேறு.

கேள்வி: இந்த முறையை யார் கண்டுபிடித்தார்கள்?

பதில்: 1912 ஆகஸ்டில் இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில் வில்ஃப்ரெட் பார்க் என்ற கடற்படை அதிகாரி ஒரு ஆவ்ரோ விமானத்தில் ஸ்பின்னில் விழுந்தார். முதலில் சுற்றும் பக்கமே ரட்டரை மிதித்துப் பார்த்தார், பலிக்கவில்லை. தரை நெருங்கியபோது எதிர்ப்பக்கம் மிதித்தார். சுற்று நின்றது. யாரும் சொல்லித் தராத காலம் அது. நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும்.

கேள்வி: சிரஸ் எஸ்ஆர்22 என்ற சிறிய விமானம் ஓட்டப்போகிறேன். இதே முறைதானா?

பதில்: இல்லை. அதன் கையேட்டில் ஸ்பின்னுக்கு ஒரே வழி, விமானத்தோடு வரும் பாராசூட்டை இழுப்பது.

கேள்வி: இதையெல்லாம் மனப்பாடம் செய்தால் போதுமா?

பதில்: உயரம் இருந்தால்தான் உதவும். செஸ்னா 152 என்ற சிறிய பயிற்சி விமானத்தில் ஒரே சுற்று சுற்றி மீள்வதற்கே சுமார் 1,000 அடி போய்விடும். ஓடுபாதையை நோக்கிக் கடைசியாகத் திரும்பும்போது உங்களிடம் அந்த உயரம் இருக்காது. திருப்பம் ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிப்போனதும், சாய்வைக் கூட்டப் பயந்து ரட்டரை உள்பக்கம் அழுத்தி, மூக்கைத் தூக்குவார்கள். ஸ்பின்னுக்கு வேண்டிய இரண்டும், ஸ்டாலும் மூக்கின் திரும்பலும், அங்கே சேர்ந்துவிடும். தயவுசெய்து அந்தத் திருப்பத்தைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். பின்னால் இழுக்கும் பிடியைத் தளர்த்தி, இறக்கையைச் சமமாக்கி, பவர் கொடுத்து, இன்னொரு வட்டம் போய் வாருங்கள்.