காப்பி வேகமாச்சு, அப்ளிகேஷன் ஏன் படுத்தது?

வணக்கம் ஐயா,

தரமணியில் ஒரு கம்பெனியில் லினக்ஸ் டிரைவர் (கார்டை இயக்கும் சாஃப்ட்வேர்) எழுதுகிறேன். எங்கள் கார்டிலிருந்து வரும் டேட்டாவை யூசர் பஃபருக்கு (அப்ளிகேஷன் டேட்டா வாங்கும் மெமரி இடம்) கொடுக்கும் இடத்தில், வழக்கமான காப்பியை எடுத்துவிட்டு, கேஷில் (ப்ராசஸருக்குள் இருக்கும் சின்ன, வேகமான மெமரி) தங்காமல் நேராக மெமரிக்குப் போகும் 'நான்-டெம்போரல் ஸ்டோர்' என்ற எழுதும் முறையைப் போட்டேன். தனியாக டெஸ்ட் செய்தால் காப்பி நன்றாக வேகமாகிறது. அப்ளிகேஷனோடு ஓட்டினால் மொத்தமே முன்பைவிட மெதுவு. எங்கே தேடுவது?

ம., தரமணி

அன்புள்ள ம.,

உங்கள் டெஸ்டில் தேடுங்கள். காப்பி முடிந்ததும் அது கடிகாரத்தை நிறுத்திவிடுகிறது, அப்ளிகேஷனுக்கோ வேலையே அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. நீங்கள் கேஷுக்கு வெளியே தள்ளிய அதே பைட்டுகளை அது உடனே படிக்க வருகிறது. ப்ராசஸருக்கு மிகப் பக்கத்திலுள்ள எல்1 கேஷில் இருந்திருந்தால் நாலைந்து சைக்கிளில் (ப்ராசஸர் கடிகாரத்தின் துடிப்பு) கிடைத்திருக்கும். டிராம் (DRAM) என்ற முதன்மை மெமரி வரை போனால் சாதாரணமாக 200 சைக்கிளைத் தாண்டும். வரிசையாகப் படித்தால் அடுத்து வேண்டியதை முன்கூட்டியே எடுத்து வைக்கும் ப்ரீஃபெட்ச்சர் கொஞ்சம் காப்பாற்றும், ஆனால் பாக்கெட் ஹெடரைப் பார்த்துத் தாவித் தாவிப் படிக்கிற கோடுக்கு அந்த உதவியும் கிடைக்காது. நேரம் எங்கே போகிறது என்று காட்டும் பெர்ஃப் டூலை ஓட்டினால் இந்த நேரம் அப்ளிகேஷன் கணக்கில் விழும், உங்கள் டிரைவர் நல்ல பிள்ளையாகத் தெரியும்!

சரி, டெஸ்டில் மட்டும் எப்படி ஜெயித்தது? கேஷில் இல்லாத இடத்தில் சாதாரண ஸ்டோர் எழுத வந்தால், ப்ராசஸர் அந்த இடம் அடங்கிய 64 பைட் லைனை (கேஷ் கையாளும் ஒரு துண்டு) முதலில் மெமரியிலிருந்து படிக்கும், பிறகு மேலே எழுதும், பின்னொரு நாள் வெளியே துரத்தும்போது திரும்ப மெமரியில் எழுதும். சோர்ஸைப் படிப்பதையும் சேர்த்தால் ஒரு லைனுக்கு மெமரி பஸ்ஸில் மூன்று பயணம். நான்-டெம்போரல் அந்த முதல் படிப்பை மிச்சப்படுத்துவதால் இரண்டுதான். ஆனால் இந்த லாபம் கேஷைவிடப் பஃபர் பெரிதாக இருந்தால்தான் வரும், அதனால் நீங்கள் பல மெகாபைட் கொடுத்து அளந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். டிரைவர் நிஜத்தில் ஒரு தடவைக்கு எவ்வளவு கொடுக்கிறது? 4 கேபி என்றால் வெறும் 64 லைன், அதை எல்1-லேயே வைத்து அப்ளிகேஷன் கையில் கொடுக்கலாமே.

இன்னொன்று, யூசர் அட்ரஸில் நீங்களே கையால் எழுதுகிறீர்களா? அந்தப் பேஜ் (மெமரியின் ஒரு பகுதி) மெமரியில் இல்லாவிட்டால் வரும் ஃபால்ட்டை, அதாவது பிழை அறிவிப்பை, கெர்னலின் காப்பி_டு_யூசர் ஃபங்ஷன் சமாளிக்கும், உங்கள் லூப் லினக்ஸின் மையமான கெர்னலையே கவிழ்த்துவிடலாம். ப்ராசஸரின் அகலமான எஸ்எஸ்இ ரெஜிஸ்டரைத் தொட்டிருந்தால், அதில் அப்ளிகேஷன் வைத்திருப்பதைக் காப்பாற்றும் கெர்னல்_எஃப்பியு_பிகின், எண்ட் இரண்டும் வேண்டும், அந்தச் செலவை டெஸ்டில் சேர்த்தீர்களா? 2012-ல் வந்த ஐவி பிரிட்ஜிலிருந்து இன்டெல் சிப்களில் 'ரெப் மூவ்எஸ்பி' என்ற ஒற்றை இன்ஸ்ட்ரக்‌ஷனே பெரிய காப்பிகளை நன்றாகச் செய்கிறது. பழைய காப்பியையே திரும்பப் போடுங்கள்.

நான்-டெம்போரலுக்கும் இடம் உண்டு. எழுதியதை இந்த சிபியு இப்போதைக்குப் படிக்கப் போவதில்லை என்றால், பெரிய பஃபரைக் கேஷ் வழியாக விட்டு மற்றவர்களின் டேட்டாவை ஏன் துரத்த வேண்டும்? கெர்னலே பெர்சிஸ்டென்ட் மெமரிக்கு (மின்சாரம் போனாலும் டேட்டா அழியாதது) எழுதும்போது அப்படித்தான் செய்கிறது. உங்கள் கேஸ் அது இல்லை. முடிந்தால் கார்டு நிரப்பும் பஃபரையே எம்மேப் செய்து, அதாவது அப்ளிகேஷன் நேராகப் பார்க்கும்படி இணைத்து, கொடுத்துப் பாருங்கள், காப்பியே தேவைப்படாமல் போகலாம். எதைச் செய்தாலும் டேட்டா வந்ததென்று கார்டு தரும் இன்டரப்ட் வந்ததிலிருந்து அப்ளிகேஷன் அந்த டேட்டாவை முடிக்கும் வரை மொத்தமாக அளந்து, அந்த எண்ணை டீமுக்குக் காட்டுங்கள்.