பழைய சான்ட்ரோவும் போர்த் தண்ணீரும்: கேள்வி பதில்

தண்டையார்பேட்டையில் 26 ஆண்டுகளாகச் சிறிய கார்களைப் பழுதுபார்த்து வருகிறேன். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவரத் தொடங்கிய ஹூண்டாய் சான்ட்ரோவும், 2003-இல் வந்த அதன் ஜிங் வடிவமும்தான் என் பட்டறைக்கு இன்றும் அதிகம் வருகின்றன. கீழே சொல்லும் தொகைகள் எங்கள் வட்டாரத்தில் கூலியும் சேர்த்து ஆகக்கூடியவை. கடைக்குக் கடை சற்று மாறும்.

கொருக்குப்பேட்டை வாசகர்: 2007 ஜிங், 78,000 கிலோமீட்டர் ஓடியது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஏசி போட்டு நின்றால் வெப்பமுள் ஏறுகிறது. வண்டி ஓடினால் இறங்கிவிடுகிறது. எவ்வளவு செலவாகும்?

ஓடும்போது இறங்கி, நிற்கும்போது ஏறினால் முதல் சந்தேகம் மின்விசிறியின் மேல்தான். ஏசியைப் போட்டதும் விசிறி சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் சோதிக்கச் சொல்லுங்கள். ரிலே என்றால் சில நூறு ரூபாயோடு போகும், மோட்டார் என்றால் 2,000 முதல் 3,000 வரை ஆகும். விசிறி நன்றாக இருந்தால், ஏசியின் கண்டென்சருக்கும் இன்ஜின் தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டருக்கும் இடையில் அடைந்திருக்கும் தூசியைக் கழுவ வேண்டும். மணலிப் பக்கம் தினமும் போய்வரும் வண்டிகளில் அந்த இடைவெளியில் கம்பளி போலத் தூசி படிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இவற்றுக்கெல்லாம் முன்பு ஒரு வேலை இருக்கிறது. காலையில் இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். பச்சையாகவோ சிவப்பாகவோ தெளிந்த கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) இல்லாமல் டீ நிறத்தில் கலங்கல் தெரிந்தால், யாரோ போர்த் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்று நீர், ஊற்றியிருக்கிறார்கள் என்று பொருள். மீஞ்சூரிலிருந்து இந்தப் பக்கம் நிலத்தடி நீரில் கடல் உப்பு ஏறிப் பல காலமாகிவிட்டது. நாம் குடிக்கத் தயங்கும் தண்ணீரை இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் மட்டும் எப்படித் தாங்கும்? சென்ற மாதம் கழற்றிய ஒரு வாட்டர் பம்பில் தண்ணீரைத் தள்ளும் இதழ்கள் அரித்து விரல்நகம் அளவுக்குச் சிறுத்துப்போயிருந்தன. பம்ப் சுழன்றுகொண்டுதான் இருந்தது, தண்ணீர்தான் நகரவில்லை. முழுவதும் கழுவிக் கூலன்ட் நிரப்ப 1,500 ரூபாய்க்குள் முடியும். ரேடியேட்டரே அடைத்திருந்தால் 3,500 முதல் 5,000. அலட்சியமாக ஓட்டி ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போனால் 10,000-க்குக் குறையாது. இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறியச் சொல்லும் யோசனையை மட்டும் ஏற்காதீர்கள்.

பெரம்பூர் வாசகர்: வாங்கப்போகும் சான்ட்ரோவில் டைமிங் பெல்ட் மாற்றியாயிற்று என்கிறார் விற்பவர். ரசீது இல்லை.

ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். பிஸ்டனும் வால்வுகளும் ஒன்றோடொன்று முட்டாமல் இயங்கவைக்கும் அந்த பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்தே மாற்றினால் 5,000 முதல் 6,500 ஆகும். அதை விலையில் குறைத்துக் கேளுங்கள். ஓடும்போது பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளை முட்டி வளைத்துவிடும், அதன் பிறகு ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்பித் திரும்பப் பூட்ட 20,000 வரை போகும். 60,000 கிலோமீட்டர் அல்லது ஐந்து ஆண்டு, இரண்டில் எது முந்துகிறதோ அதுவே என் கணக்கு.

வியாசர்பாடி வாசகர்: 15 ஆண்டு முடிந்த பெட்ரோல் காரை உடைத்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. நீங்கள் கேள்விப்பட்டது தில்லி வட்டாரத்துக்கான கட்டுப்பாடு. இங்கே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கப்பட்டது.

மாதவரம் வாசகர்: என் கார் 2008 மாடல். உடைக்க வேண்டுமா?

இதற்கு முந்தைய பதிலைப் படியுங்கள்.

காசிமேடு வாசகர்: கதவுக்குக் கீழே துரு. பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தால் போதுமா?

ஓராண்டுக்குப் போதும். கடற்காற்றில் நிற்கும் வண்டியில் துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. தகட்டை வெட்டிப் புதுத் துண்டு வைத்து வெல்டிங் செய்வதே சரி. ஜாக்கி வைக்கும் இடத்தையும் ஷாக் அப்சார்பர் மேலே உட்காரும் இடத்தையும் சுத்தியலின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். சத்தம் மந்தமாகக் கேட்டால் அந்த வண்டியில் பணம் போடாதீர்கள்.

திருவொற்றியூர் வாசகர், ஓய்வுபெற்ற மெக்கானிக்: தெர்மோஸ்டாட் பற்றி நீங்கள் சொன்னது எனக்கு உடன்பாடில்லை. அது ஊட்டிக்கு வேண்டும். சென்னை வெயிலுக்கு எதற்கு? நான் நூறு வண்டியில் கழற்றியிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை.

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் வெளியே அடிக்கும் வெயிலுக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அந்த வால்வு திறப்பதோ ஏறத்தாழ 82 டிகிரியில். நம் ஊரின் மிகக் கொடிய நாள்கூட இன்ஜினுக்குக் குளிர்தான். வால்வு இல்லாவிட்டால் சூடேற நேரமாகும், சென்சார் இன்னும் குளிராக இருப்பதாகச் சொல்லும், இன்ஜின் கணினி கூடுதல் பெட்ரோலைத் தள்ளும், ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் கசடாகும். கணினி இல்லாத கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் இந்த நட்டம் கண்ணுக்குத் தெரியவில்லை. நீங்கள் கழற்றிய நூறு வண்டிகளின் மைலேஜை யார் கணக்கெடுத்தார்கள்?

அவரே மீண்டும்: அப்படியானால் கழற்றியதும் சூடு குறைந்தது எப்படி?

நல்ல கேள்வி. அந்த வால்வுகள் உப்புப் படிந்து மூடியபடியே இறுகிப்போயிருந்தன. அதனால்தான் சூடேறியது, அதனால்தான் கழற்றியதும் குறைந்தது. வால்வை நூலில் கட்டி அடுப்பில் வைத்த தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். கொதிப்பதற்குள் ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் 500 ரூபாயில் புதியது கிடைக்கும். அது இறுகியதற்குக் காரணமும் போர்த் தண்ணீர்தான்.

எருக்கஞ்சேரி வாசகர்: மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் வண்டி அணைந்துவிட்டது. தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

கூடாது. சாவியையும் திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றிய பிறகுதான் எதுவும். இழுவை வண்டிக்குக் கொடுக்கும் பணத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

கொளத்தூர் வாசகர்: டீசல் காரில் டர்போ சத்தம்...

டீசல் என் துறை அன்று.

புது வண்ணாரப்பேட்டை வாசகர்: முள் ஏறுகிறது, வண்டிக்கு 15 ஆண்டும் ஆகிவிட்டது. என்ன செய்வது?

இரண்டுக்கும் மேலே பதில் இருக்கிறது. எனினும் நீங்கள் பக்கத்துத் தெரு என்பதால் சொல்கிறேன்: செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு முன், இன்ஜின் ஆறியிருக்கும்போதே வண்டியைக் கொண்டுவாருங்கள். வழியில் தண்ணீர் குறைந்ததாகத் தெரிந்தால் கேன் தண்ணீரை ஊற்றுங்கள், தெருமுனைக் கைப்பம்பிலிருந்து பிடிக்காதீர்கள்.