மணிக்கட்டும் கடைமணியும்

அன்புள்ள ஐயா,

மகளுக்குத் தமிழ்ப்பாடம் சொல்லிக்கொடுக்கப் போய் மாட்டிக்கொண்டேன். கோயில் மணி, நவமணி, நெல்மணி, பத்து மணி எல்லாம் ஒரே சொல்தானா? வாட்ச் கட்டுவதால்தான் மணிக்கட்டு என்கிறாள் அவள். சரியா?

கா. ம.

அன்புள்ள கா. ம.,

மணிக்கட்டை முதலில் முடித்துவிடுவோம். வாட்ச் வருவதற்கு வெகுகாலம் முன்பே வடமொழியில் அந்த இடத்துக்கு 'மணிபந்தம்' என்றுதான் பெயர். மணி கட்டுகிற இடம். மகளின் ஊகம் கெட்டிக்காரத்தனமானது, ஆனால் தவறு.

பத்து மணி, அடிக்கிற மணியிலிருந்து வந்தது. நம்மவர்களுக்குப் பொழுது நாழிகைக் கணக்கு, நாளொன்றுக்கு 60. இரண்டரை நாழிகையை ஒன்றாக்கிய கடிகாரக் கணக்கு வந்து, அதையும் மணியடித்தே ஊருக்குச் சொன்னபோது அடியே அளவாகிவிட்டது. ஹாஸ்டலை 'மணியடிச்சா சோறு' என்கிறோமே, அதில் இரண்டு பொருளும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

சிக்கல் ரத்தினத்துக்கும் ஓசைக்கும் நடுவில்தான். வடமொழியில் மணி என்றால் ரத்தினம்; ஒலிப்பது கண்டா. தமிழில் இரண்டும் மணியே. (கண்டாமணி என்னும்போது இரண்டு மொழியிலும் ஒவ்வொரு தடவை அடித்துவிடுகிறோம்.) சிறிதாய் உருண்டையாய் இருப்பவை என்ற வகையில் பாசிமணி, நெல்மணி, கண்மணி ஒரு குடும்பம். கயிற்றில் கோத்து மாட்டின் கழுத்தில் கட்டிய மணியும் அப்படித்தான் உள்ளே வந்திருக்கும் என்பது என் எண்ணம். அது தனிச்சொல் என்று வாதாடவும் இடமுண்டு.

எப்படியானாலும் சங்க காலத்திலேயே இரண்டும் புழங்கின. 'நீலமணி மிடற்று ஒருவன்', அதாவது நீல ரத்தினம் போன்ற கழுத்துடையவன், என்று ஔவை சிவனைச் சொல்வது புறநானூறு 91. அகநானூறு 4-இல் தேரில் திரும்பும் தலைவன், பூவில் தேனுண்ணும் வண்டுகள் மிரளக் கூடாதென்று மணியின் நாவைக் கட்டிவிடுகிறான். உள்ளே தொங்கி அடிப்பதற்கு 'நா' என்று பெயர் வைத்தவரைக் கும்பிடலாம்.

ஆனால் இளங்கோ செய்ததுதான் வித்தை. பாண்டியன் முன் நின்று கண்ணகி சொல்கிறாள்:

வாயிற் கடைமணி நடுநா நடுங்க
ஆவின் கடைமணி உகுநீர் நெஞ்சு சுட

முதல் கடைமணி, சோழன் அரண்மனை வாசலில் தொங்கும் ஆராய்ச்சி மணி. இரண்டாவது, கன்றை இழந்த பசுவின் கடைக்கண். ஒரே சொல் ஓரடியில் ஒலிக்கிறது, அடுத்த அடியில் அழுகிறது. மகளுக்கு இந்த இரண்டு அடிகளை முதலில் சொல்லிக்கொடுங்கள். அகராதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.