கொயர் பாடுது, சனங்க ஏன் வாயத் தொறக்க மாட்டேங்குறாங்க?

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல கோயில் பாடல் குழுவ, அதாவது கொயரப் பத்திதான். சில கடிதத்துல கோவம், சிலதுல வருத்தம், ஒண்ணு ரெண்டுல சண்டையே நடந்துருக்கு. அதனால இந்த தடவ மத்த கேள்விய எல்லாம் தள்ளி வச்சுட்டு இதையே எடுத்துக்குறேன். பதினோரு வயசுல இருந்து கொயர்ல நின்னவன் நான், இப்ப அஞ்சாறு வருசமா கீழ சனங்களோட பெஞ்சுல உக்காந்துருக்கேன், ரெண்டு பக்கமும் பாத்தவன்ங்குற உரிமையில எழுதுறேன்.

மதுரை அண்ணாநகர்ல இருந்து ஒரு வாசகர்: எங்க பங்குல, அதாவது எங்க ஏரியா கோயில்ல, கொயர் நல்லாத்தான் பாடுறாங்க. கீபோர்டு, ரிதம் பேட், நாலு மைக் எல்லாம் இருக்கு. ஆனா வாராவாரம் ஒரு புதுப் பாட்டு, எங்களால கூடச் சேந்து பாடவே முடியல. இத சொன்னதுக்கு "நாங்க பாடுறோம், நீங்க ஜெபம் பண்ணுங்க அங்கிள்"னு ஒரு பையன் சொல்லிட்டான். அப்ப கொயருக்கு வேல என்னதான்? நான் கேட்டது தப்பா?

தப்பே இல்லங்கய்யா. நீங்க கேட்டத திருச்சபையே கேட்டுருக்கு. உலகத்து ஆயர்கள் எல்லாம் கூடுன இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டப் பத்தி 1963 டிசம்பர் 4-ஆம் தேதி வெளியிட்ட ஏட்டுல, பாடல் குழுக்கள நல்லா வளக்கணும்னு சொல்லுது, சொன்ன அதே மூச்சுல, பாட்டோட நடக்குற எந்த வழிபாட்டுலயும் கூடியிருக்குற மக்கள் எல்லாரும் தங்களுக்கு உரிய பங்க எடுக்குற மாதிரி ஆயரும் பங்குத்தந்தையும் பாத்துக்கணும்னும் சொல்லுது. அதுக்கு அப்புறம் 1967 மார்ச் 5-ல உரோமையில இருந்து இசைக்குன்னே தனியா ஒரு அறிவுரை வந்துச்சு. அதுல இன்னும் பட்டுன்னு சொல்லிட்டாங்க, மக்கள ஒதுக்கி வச்சுட்டு பூசையில உள்ள பாட்டு மொத்தத்தையும் கொயர் மட்டுமே பாடுறது கூடாதுன்னு. அந்தத் தம்பிகிட்ட இதச் சொல்லுங்க, கோவமா இல்ல, அன்பாவே சொல்லுங்க, ஏன்னா அவனுக்கு இத யாரும் சொல்லிக் குடுத்துருக்க மாட்டாங்க.

அந்த 1967 அறிவுரையில இன்னொரு விசயம் இருக்கு, அத படிச்சப்ப நானே ஆடிப்போயிட்டேன். பூசையில எதெல்லாம் பாடலாம்னு மூணு படியா பிரிச்சிருக்காங்க. முதல் படியில வர்றது எது தெரியுமா, சாமி, அதாவது பூசை வைக்கிற குருவானவர், "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக"ன்னு பாட நாம பதில் பாடுறது, நற்செய்திக்கு முன்னப் பின்ன சொல்ற வாழ்த்து, தொடக்கவுரையும் தூயவரும், விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே, இதெல்லாம். ரெண்டாவது படியில ஆண்டவரே இரக்கமாயிரும், உன்னதங்களிலே, விசுவாசப் பிரமாணம், உலகின் பாவம் போக்கும்-னு வருது. நம்ம கொயர்ல சனிக்கிழம சாயங்காலம் ரெண்டு மணி நேரம் மண்டைய ஒடச்சு தேர்வு பண்ற வருகைப் பாடல், காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பாடல் இருக்கே, அது மூணாவது படி. மொத படி இல்லாம ரெண்டாவதும் மூணாவதும் பாடக்கூடாதுன்னே போட்டுருக்கு. நாம அப்படியே தலைகீழா பண்ணிக்கிட்டு இருக்கோம், வருகைப் பாடலுக்கு அஞ்சு இடையிசை வச்சுட்டு, சாமிக்கு பதில் பாடுற நேரத்துல கொயர் புள்ளைங்க அடுத்த பாட்டு பேப்பர தேடிக்கிட்டு இருக்குதுங்க.

எனக்கு இது உறைச்சது ஒரு அப்பத்தாவாலதான். என் பெஞ்சுக்கு முன் பெஞ்சுல உக்காருவாங்க. அவங்க பாட்டுப் புத்தகத்துக்கு பழைய காலண்டர் தாள்ல அட்ட போட்டுருப்பாங்க, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. வருகைப் பாடல் ஆரம்பிச்சதும் புத்தகத்த எடுத்து விரல எச்சி தொட்டு பக்கம் பக்கமா தேடுவாங்க. பாட்டு அதுல இருக்காது, யூட்யூபுல போன மாசம் வந்த பாட்டு எப்படி இருக்கும். ரெண்டாவது சரணம் வரைக்கும் தேடிட்டு, புத்தகத்த மூடி மஞ்சப்பையில வச்சுட்டு கையக் கட்டிக்கிட்டு நிப்பாங்க. இத நான் ஒரு வாரம் பாக்கல, எத்தனையோ வாரம் பாத்தேன். அதே அப்பத்தா பெரிய வெள்ளிக்கிழம சிலுவை முத்தி செய்யிற நேரம் புத்தகமே எடுக்காம அத்தன பாட்டையும் பாடுனாங்க, அவங்க மட்டுமில்ல, கோயிலே பாடுச்சு, வாசல்ல செருப்புக்குப் பக்கத்துல நின்ன ஆம்பளைங்க வரைக்கும் பாடுனாங்க.

அன்னைக்கு மட்டும் எப்படின்னு வீட்டுக்கு வந்து யோசிச்சேன். பழைய பாட்டுங்குறது ஒரு காரணம். ஆனா இன்னொண்ணும் இருக்கு, சுருதி. எங்க கோயில்ல பெரிய வியாழன் உன்னதங்களிலே முடிஞ்சதுல இருந்து கீபோர்டு கிடையாது. அதனால பெரிய வெள்ளி அன்னைக்கு எங்க பழைய உபதேசியார், மறைக்கல்வி சொல்லிக் குடுக்குறவர், தன் தொண்டைக்கு எது சொகமோ அந்த சுருதியில எடுத்தாரு, அது எல்லார் தொண்டைக்கும் சொகமா இருந்துச்சு. மத்த ஞாயித்துக்கிழம என்ன நடக்குது? மெயின் பாடுற பொண்ணுக்கு நல்ல குரலு, அஞ்சரக் கட்டைல, அதாவது ஒசந்த சுருதில பாடும், கீபோர்டு தம்பி அதுக்கு ஏத்தாப்புல வச்சுருவான். பல்லவி எப்படியோ சமாளிச்சுருவோம், சரணத்துல மேல ஏறும்போது சனங்க ஒவ்வொருத்தரா கழண்டுக்குறாங்க, ஆம்பளைங்க மொதல்ல.

அதனால கொயர் தம்பி தங்கச்சிங்களுக்கு நான் கேட்டுக்குறது, பாட்டுல எந்த இடம் உச்சமோ அத மொதல்ல கண்டுபிடிங்க. அது மேல் ஸ்தாயி 'டி' நோட்ட, அதாவது மேல் ரெண்டு கட்டைய தாண்டுனா ட்ரான்ஸ்போஸ் பட்டன அமுக்கி ரெண்டு மூணு கீழ இறக்குங்க. பாடுற பொண்ணுக்கு கொஞ்சம் கீழயாத்தான் இருக்கும், அது விட்டுக்குடுக்கணும், அந்த விட்டுக்குடுக்குறதும் ஜெபம்தான். புதுப் பாட்டு வேணும்தான், வேணாம்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா மாசத்துக்கு ஒண்ணு போதும், பூசைக்கு முன்னாடி அஞ்சு நிமிசம் பல்லவிய மட்டும் சனங்களுக்கு சொல்லிக் குடுங்க, அதே பாட்ட நாலு வாரம் விடாமப் பாடுங்க. காணிக்கை எல்லாம் பீடத்துக்குப் போயி சாமி கையும் கழுவி முடிச்சுட்டு நிக்கிறாரு, கொயர் இன்னும் மூணாவது சரணத்துல இருக்குன்னா அந்தப் பாட்டு அங்க முடிஞ்சுருக்கணும். சடங்குக்குத்தான் பாட்டு.

அப்புறம் எங்க நிக்கிறதுங்குறதும் முக்கியம். கொயர் மக்களோட ஒரு பகுதின்னு பாத்ததும் தெரியணும்னு சட்டமே இருக்கு. பீடத்துக்குப் பக்கத்துல சனங்களப் பாத்து நின்னா அது மேட தான், அப்ப சனங்க பார்வையாளர் ஆயிருவாங்க, கச்சேரிக்கு வந்த மாதிரி கேட்டுக்கிட்டு நிப்பாங்க, அவங்க மேல என்ன தப்பு.

கொயர் மட்டும் தனியா பாடவே கூடாதான்னு அடுத்த மாசம் கடிதம் வந்துரும், இப்பவே சொல்லிர்றேன், பாடலாம். நற்கருணை வாங்கி உக்காந்த பிறகு ஒரு பாட்டு, திருவிழாவுல நாலு குரல்ல ஒரு பாட்டு, அதக் கேக்குறதும் மனசுக்கு ஜெபம்தான். மொத்தமும் அப்படி ஆயிரக்கூடாது, அவ்வளவுதான்.

திண்டுக்கல்ல இருந்து ஒரு கல்லூரி மாணவி: ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தவக்காலம் ஆரம்பிச்சதும் எங்க ஃபாதர் பேட், கிட்டார் எல்லாத்தையும் மூட்டை கட்டச் சொல்லிட்டாரு. பக்கத்து பங்குல எல்லாம் வாசிக்கிறாங்க. உண்மையிலயே ரூல் இருக்கா, இல்ல அவரா சொல்றாரா?

இருக்கும்மா. தவக்காலத்துல இசைக்கருவிய பாட்டுக்குத் துணையா மட்டும்தான் வாசிக்கலாம், பாட்டு இல்லாம கருவி மட்டும் தனியா ஒலிக்கக்கூடாது. அதனால கீபோர்டுல சுருதி புடிச்சு மெட்ட மெதுவா வாசிக்கிறது தப்பில்ல, பாட்டுக்கு முன்னாடி அர நிமிசம் பிட்டு, நடுவுல கிட்டார் சோலோ, இதான் கூடாது. உங்க ஃபாதர் மொத்தமா நிறுத்தச் சொல்றாருன்னா சட்டத்த விட ஒரு படி மேல போறாரு, ஆனா நான் அவர் பக்கம்தான். தவக்காலம் நாலாவது ஞாயிறு, மார்ச் 19 சூசையப்பர் திருநாள், மார்ச் 25 மங்கள வார்த்தை திருநாள் இதுக்கெல்லாம் விலக்கு இருக்கு, அன்னைக்கு தாராளமா வாசிங்க. கிறிஸ்மஸுக்கு முன்னாடி வர்ற திருவருகைக் காலத்துல வாசிக்கலாம், அளவா, ஏன்னா கிறிஸ்மஸ் சந்தோசத்த மூணு வாரம் முன்னாடியே செலவு பண்ணிறக் கூடாது.

அல்லேலூயா நாப்பது நாளா வாயில வராம இருந்துட்டு பாஸ்கா திருவிழிப்புல, அதாவது ஈஸ்டர் ராத்திரி பூசையில, திரும்ப வரும் பாரு, உன்னதங்களிலே பாட ஆரம்பிச்சதும் கோயில் மணி மொத்தமும் அடிக்கும், கருவி எல்லாம் ஒண்ணா சேரும். அந்த ராத்திரி உடம்பு சிலிர்க்கணும்னா அதுக்கு முன்னாடி நாம பேசாம இருந்திருக்கணும்.

உசிலம்பட்டி பக்கத்துல இருந்து ஒரு அண்ணன்: மக கல்யாணத்துக்கு மாப்பிள்ள வீட்டுல சினிமாப் பாட்டு ஒண்ண கோயில்லயே பாடணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. கெட்ட வார்த்த இல்ல, நல்ல காதல் பாட்டுதான். பாடலாமா?

வேணாம்ணே. நான் முன்ன சொன்ன 1967 அறிவுரை கல்யாணத்த பேர் சொல்லியே எச்சரிக்குது, சிறப்பா கொண்டாடுறோம்ங்குற பேருல உலகப்பூர்வமானத வழிபாட்டுக்குள்ள கொண்டு வராதீங்கன்னு. அதுக்காக சம்பந்தி வீட்டோட முட்டிக்கிட வேணாம். சாமியையும் கொயர் மாஸ்டரையும் ஒரு வாரம் முன்னாடியே பாத்து, பொண்ணு மாப்பிள்ளைய வச்சு வாசகத்துக்கு அப்புறம் வர்ற பதிலுரைப் பாடலையும் திருவிருந்துப் பாடலையும் அவங்களையே தேர்வு பண்ண விடுங்க. அந்த சினிமாப் பாட்ட மண்டபத்துல வரவேற்புல எத்தன தடவ வேணாலும் பாடச் சொல்லுங்க, நானும் வந்து கேக்குறேன்.

வாடிப்பட்டி பக்கம் ஒரு கிளைக் கிராமத்துல இருந்து ஒரு டீச்சர்: எங்க ஊர்ல நாப்பது குடும்பம்தான். மாசம் ரெண்டு பூசை. வாசிக்க ஆள் இல்ல, அதனால செல்லுல கரோக்கே போட்டு புளூடூத் ஸ்பீக்கர்ல விட்டு பாடுறோம். சரியா?

டீச்சர், உங்க ஆர்வத்துக்கு மொதல்ல என் வணக்கம். ஆனா அந்த ஸ்பீக்கர ஆஃப் பண்ணிருங்க. ட்ராக்கு யாருக்காகவும் நிக்காது. சாமி இன்னும் பீடத்துக்கு வந்து சேரல, பாட்டு முடிஞ்சுரும், இல்ல சாமி வந்து நின்னுட்டாரு, பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும். சனங்க மெதுவா இழுத்துப் பாடுவாங்க, ட்ராக் அவங்கள விட்டுட்டு ஓடிரும், ஒரு கட்டத்துல பாடுறத நிறுத்திட்டு ஸ்பீக்கரப் பாத்துக்கிட்டு நிப்பாங்க.

கொயர் இல்லாத சின்ன ஊருக்கு திருச்சபை கேக்குறது பெரிசா ஒண்ணுமில்ல, பழக்கப்பட்ட பாடகர் ஒருத்தராவது ரெண்டு பேராவது இருந்தாப் போதும்னு சொல்லுது. அந்த ஒருத்தர் நீங்களா இருங்க. சுருதிப் பெட்டி ஆப் ஒண்ணு இலவசமாவே கிடைக்கும், பூசைக்கு முன்னாடி அதுல சுருதிய மட்டும் கேட்டுக்கிட்டு நிறுத்திட்டு எடுங்க. உங்க ஊர்ல நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி தெரிஞ்ச பெரிய மனுசிங்க இல்லாம இருக்க மாட்டாங்க, அவங்கள முன் வரிசையில உக்கார வைங்க, மெட்ட ஒரு தடவ கேட்டா புடிச்சுக்குவாங்க. மொதல்ல உங்க குரலு மட்டும் தனியா கேக்கும், கூச்சமாத்தான் இருக்கும், மூணு பூசை பொறுத்துக்கங்க.

மேலூர்ல இருந்து ஒரு அம்மா: என் மகனுக்கு பதிமூணு வயசு. நல்லா பாடிக்கிட்டு இருந்தான், இப்ப குரல் உடைஞ்சு கரகரன்னு ஆயிருச்சு. போன வாரம் எல்லார் முன்னாடியும் "நீ ரெண்டு வருசம் வராத"ன்னு கொயர்ல சொல்லிட்டாங்க. அழுதுகிட்டே வீட்டுக்கு வந்தான். என்ன பண்ணட்டும்?

இந்தக் கடிதத்த படிச்சுட்டு ரொம்ப நேரம் அடுத்த வேலையே ஓடலம்மா. சொன்னவங்க மனசறிஞ்சு சொல்லியிருக்க மாட்டாங்க, ஆனாலும் அப்படி சொல்லியிருக்கக்கூடாது. அந்த வயசுல பையங்களுக்கு குரல்வளை பெரிசாகி குரல் நாண் நீளமாகுது, அதான் குரல் இறங்குது, நடுவுல கீச்சுன்னு போகுது. கொஞ்ச மாசத்துல இருந்து ஒண்ணு ரெண்டு வருசத்துக்குள்ள தானா நிலைக்கு வந்துரும். அது வரைக்கும் அவன் பாடலாம், மேல எட்ட முடியாத இடத்துல கத்தி எட்டக்கூடாது, அங்க வாய மூடிக்கிட்டு இறங்குன பிறகு சேந்துக்கணும், இல்லன்னா ஒரு ஸ்தாயி கீழ பாடணும். தொண்ட வலிச்சா நிறுத்திறணும்.

கொயர் மாஸ்டர தனியா பாத்து இத சொல்லுங்க. பாட்டு பேப்பர் எடுத்துக் குடுக்க, பக்கத்துல உக்காந்து தபேலா கத்துக்க, பதிலுரைப் பாடல் வரிகள எழுதி வைக்க, கொயர்ல ஆயிரம் வேல இருக்கு, புள்ள அங்க இருக்கணும், வெளிய போயிறக்கூடாது. எனக்கும் குரல் உடைஞ்சப்ப எங்க மாஸ்டர் என்னைய வெளிய அனுப்பல, ஆர்மோனியப் பெட்டிக்கு துருத்தி போடுறான்னு பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டாரு. ஒரு வருசம் போட்டேன். அந்த ஒரு வருசத்துலதான் எந்த சரணம் எங்க ஏறுது, சனங்க எங்க மூச்சு விடுறாங்கன்னு எனக்குக் காது கேக்க ஆரம்பிச்சுச்சு. தம்பிய வர்ற ஞாயித்துக்கிழம கையப் புடிச்சு கூட்டிட்டுப் போங்க.